மழைக்கால ஈரம்: சின்ன வீட்டுக்கு எந்த டீஹியூமிடிஃபையர்? வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே சென்னைப் பக்கம் சின்ன வீடுகளில் ஒரே கதைதான். துவைத்த ஜீன்ஸ் 2 நாளாகியும் காயாது. டப்பாவில் போட்ட முறுக்கு நமத்துப்போயிருக்கும். பீரோவைத் திறந்தால் ஒரு ஈரவாடை. கட்டிலைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தால் சுவரில் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. ஷூ, பெல்ட், கேமரா பை என எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கும். வீட்டில் வீசிங் உள்ள குழந்தையோ, ஆஸ்துமா உள்ள பெரியவரோ இருந்தால், இது வெறும் வாடைப் பிரச்னை மட்டும் கிடையாது.

சரின்னு போனை எடுத்து 'டீஹியூமிடிஃபையர்' என்று தேடினால், சில ஆயிரம் ரூபாயில் ஆரம்பித்து 20,000 ரூபாய்க்கு மேல் வரை வரிசையாக வந்து நிற்கும். பார்க்க எல்லாமே வெள்ளை டப்பா. எல்லாமே 'உங்கள் அறையின் ஈரத்தை உறிஞ்சும்' என்றுதான் சொல்லும். ஆனால் சிலது ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்கும், சிலது ஒரு பக்கெட் எடுக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்கினால் காசு வேஸ்ட்.

இன்னொரு விஷயம். டீஹியூமிடிஃபையர் காற்றில் இருக்கும் ஈரத்தைத்தான் எடுக்கும். சுவர் வழியாக வரும் தண்ணீரை நிறுத்தாது. அதனால் எந்த மாடல் என்று பார்ப்பதற்கு முன்னாடி, உங்கள் வீட்டு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆர்டர் போடும்போது பெயரையும் கவனியுங்கள். 'ஹியூமிடிஃபையர்' என்பது காற்றில் ஈரத்தைச் சேர்க்கும் கருவி, புகை மாதிரி நீராவி விடுமே, அது. 'டீ' என்ற முதல் எழுத்தோடு இருப்பதுதான் ஈரத்தை எடுக்கும். அவசரத்தில் மாற்றி வாங்கினால், பூஞ்சைக்கு நாமே தண்ணீர் ஊற்றிய கதையாகிவிடும்.

எவ்வளவு ஈரம் இருந்தால் பிரச்னை?

வானிலைச் செய்தியில் 'ஈரப்பதம் 85 சதவிகிதம்' என்கிறார்களே, அது என்ன? அந்த வெப்பநிலையில் காற்றால் அதிகபட்சம் எவ்வளவு நீராவியைத் தாங்க முடியுமோ, அதில் இப்போது எத்தனை சதவிகிதம் இருக்கிறது என்ற கணக்கு. இதை 'சார்பு ஈரப்பதம்' என்பார்கள்.

வீட்டுக்குள் இது 60 சதவிகிதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 30 முதல் 50-க்குள் இருந்தால் ரொம்ப நல்லது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பரிந்துரை. நம்ம ஊர் மழைக்காலத்தில் 50-க்குக் கீழே கொண்டுவர மெஷின் நாள் முழுக்க ஓட வேண்டியிருக்கும். 55 என்று இலக்கு வைத்துக்கொண்டால் போதும்.

ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா தொந்தரவுகள் வரும் வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மெத்தை, தலையணையில் இருக்கும் தூசிப் பூச்சிகளுக்கும் ஈரக்காற்றுதான் பிடிக்கும். ஆனால் ஒன்று, இந்த மெஷின் மருந்துக்குப் பதில் கிடையாது. மூச்சுப் பிரச்னை இருந்தால் டாக்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதல் செலவு மீட்டருக்கு!

ஹைக்ரோமீட்டர் என்று கேளுங்கள். வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டையும் காட்டும் உள்ளங்கை அளவு டிஜிட்டல் மீட்டர், சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். படுக்கையறை, சமையலறை, பீரோ பக்கத்தில் என்று மாற்றி மாற்றி வைத்து ஒரு வாரம் பாருங்கள். காலை, மாலை அளவுகளை போனில் குறித்து வையுங்கள்.

மீட்டர் சரியாகக் காட்டுதா? அதையும் வீட்டிலேயே டெஸ்ட் பண்ணலாம். ஒரு பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரையக் கூடாது, ஈர மணல் மாதிரி இருக்க வேண்டும். அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவருக்குள் வைத்து இறுக்கமாக மூடி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் கவருக்குள் ஈரப்பதம் 75 சதவிகிதத்தில் நிற்கும், இது உப்பின் குணம். உங்கள் மீட்டர் 70 காட்டினால், 5 சதவிகிதம் குறைத்துக் காட்டுகிறது என்று அர்த்தம். அதைக் கூட்டிப் படித்துக்கொள்ளலாம்.

ஒரு வாரத்தில் பெரும்பாலான நேரம் 60-க்குக் கீழேதான் இருக்கிறது என்றால், உங்களுக்கு டீஹியூமிடிஃபையரே தேவையில்லை. அப்படியும் சுவரில் பூஞ்சை இருந்தால், பிரச்னை காற்றில் இல்லை, சுவரில்.

தண்ணீர் எங்கிருந்து வருது?

சுவரைச் சோதிக்க ஒரு எளிய வழி. ஈரமாகத் தெரியும் இடத்தில், ஓர் அடிக்கு ஓர் அடி பாலித்தீன் ஷீட்டை வைத்து நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி, 2 நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி இருந்தால், அது காற்றிலிருந்து படியும் ஈரம். ஷீட்டுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால், தண்ணீர் சுவருக்குள்ளிருந்தே வருகிறது.

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு பெயின்ட் உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்து, காரை உதிர்கிறதா? அது ஓதம். மேல் வீட்டு பாத்ரூமுக்கு நேர் கீழே கறையா? பைப் லீக்காக இருக்கலாம். மொட்டை மாடிக்குக் கீழே கூரையில் கறையா? தளத்தில் விரிசலோ, தண்ணீர் தேங்கும் இடமோ இருக்கலாம். இதற்கெல்லாம் பிளம்பரும் கொத்தனாரும்தான் தீர்வு. லீக்கை அடைக்காமல் மெஷினை ஓட்டுவது, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் துடைக்கிற வேலை.

வாடகை வீடு என்றால், போட்டோ, வீடியோ எடுத்து தேதியோடு ஹவுஸ் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். காலி பண்ணும்போது 'சுவரை நீங்கதான் கெடுத்தீங்க'ன்னு அட்வான்ஸில் பிடிக்கும் பேச்சு வந்தால் கைகொடுக்கும். ஈரம் சுவிட்ச் போர்டு வரை வந்திருந்தால் காத்திருக்கவே வேண்டாம். அந்த போர்டைத் தொடாமல், மெயினை ஆஃப் செய்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து.

சுவர் ஓகே, காற்றுதான் ஈரம் என்றால், அந்த ஈரத்தில் பாதி நம்ம கைங்கர்யம்தான்.

ஒரு லோடு துணியை மெஷினில் பிழிந்து எடுத்தாலும், அதில் 2 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். அதை ரூமுக்குள் கொடி கட்டிக் காயப்போட்டால், அத்தனையும் ரூம் காற்றுக்குத்தான் போகும்.

அடுப்பும் ஈரம் விடும். கேஸ் எரியும்போது நீராவி உருவாகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று முழுதாக எரிந்து முடிந்தால், 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் நீராவியாக வெளியே வந்திருக்கும். குக்கர் ஆவி, ரசம் கொதிக்கும் ஆவி எல்லாம் தனிக் கணக்கு.

தூங்கும்போது நம் மூச்சு, வியர்வை வழியாக ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரியில் ஒரு டம்ளருக்கு மேல் ஈரம் காற்றில் சேரும். ஒரே ரூமில் 4 பேர் படுத்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் சமைக்கும்போதும், முடித்த பிறகு 15 நிமிடமும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். குளித்ததும் பாத்ரூம் கதவை மூடி வெளிப்பக்க ஜன்னலைத் திறங்கள். கட்டில், பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள். இது எதற்கும் பெரிய செலவு இல்லை.

'ஜன்னலைத் திறந்து வெச்சா போதாதா?' மழை விட்டு வெயில் அடிக்கும்போது திறங்கள், நல்லது. ஆனால் மழை கொட்டும்போது வெளிக்காற்றே 90 சதவிகித ஈரத்தில் இருக்கும். அப்போது திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும்.

வீட்டில் ஏ.சி இருக்கா?

இருந்தால், பாதி டீஹியூமிடிஃபையர் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். ஏ.சி-யிலிருந்து வெளியே சொட்டும் தண்ணீர், உங்கள் ரூம் காற்றிலிருந்து எடுத்த ஈரம்தான். ரிமோட்டில் நீர்த்துளி படத்தோடு இருக்கும் 'டிரை மோட்', ஃபேனை மெதுவாக ஓட்டி ஈரத்தை எடுப்பதற்கான செட்டிங். மீட்டரை வைத்துக்கொண்டு 2 மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். 60-க்குக் கீழே வந்து, குளிரும் தாங்குகிற மாதிரி இருந்தால், புதுச் செலவு வேண்டாம்.

ஏ.சி சறுக்கும் இடம் எது தெரியுமா? மழை நாளில் ரூமே 25, 26 டிகிரியில் இருக்கும். ஏ.சி கொஞ்ச நேரம் ஓடியதும் 'செட் பண்ண குளிர் வந்தாச்சு'ன்னு கம்ப்ரசரை நிறுத்திவிடும். ஈரம் எடுப்பதும் அதோடு நிற்கும். ரூம் ஜில்லென்றும் இருக்கும், ஈரமாகவும் இருக்கும். அந்த நாள்களுக்கும், ஏ.சி இல்லாத வீட்டுக்கும்தான் தனி டீஹியூமிடிஃபையர்.

3 வகை, 3 வேலை

1. பெல்டியர் வகை: சின்னதாக, அழகாக, சத்தம் கம்மியாக, விலை குறைவாக இருக்கும். உள்ளே கம்ப்ரசர் கிடையாது. மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் சிறிய தகடு இருக்கும். குளிர்ந்த பக்கத்தில் ஈரம் துளியாகப் படியும். பெரும்பாலும் ஒரு நாளைக்கு 200 முதல் 500 மில்லி எடுக்கும் என்று போட்டிருப்பார்கள்.

2. கம்ப்ரசர் வகை: குட்டி ஏ.சி மாதிரி. காற்றைக் குளிர்ந்த காயில் வழியாக இழுத்து, ஈரத்தைத் தண்ணீராக்கி டேங்கில் சேர்க்கும். ஒரு நாளைக்கு 10 லிட்டர், 12 லிட்டர், 20 லிட்டர் என்று அளவுகள் உண்டு. விலை பெரும்பாலும் 10,000 ரூபாயைத் தாண்டும். வீட்டு ஏ.சி போலச் சூட்டை வெளியே தள்ளாது, அது ரூமுக்குள்ளேயே வரும். எனவே ரூம் ஒன்றிரண்டு டிகிரி சூடாகும்.

3. டெசிக்கன்ட் வகை: ஈரத்தை உறிஞ்சும் பொருள் பூசிய சக்கரம் ஒன்று சுற்றும், ஹீட்டர் அதை உலர்த்திக்கொண்டே இருக்கும். குளிரான இடத்திலும் நன்றாக வேலை செய்யும். ஆனால் கரன்ட் அதிகம், சூடும் அதிகம்.

சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி மாதிரி ஊர்களுக்கு கம்ப்ரசர் வகைதான் சரி. ஊட்டி, கொடைக்கானல் வேறு கணக்கு. 15 டிகிரிக்குக் கீழே போனால் கம்ப்ரசர் வகையின் காயிலில் பனி உறைந்து, வேலை மந்தமாகும். அங்கே டெசிக்கன்ட் பொருந்தும், அதன் சூடுகூட இதமாகத்தான் இருக்கும். கம்ப்ரசர் வகைதான் வேண்டுமென்றால் 'ஆட்டோ டீஃப்ராஸ்ட்' இருக்கிறதா, எத்தனை டிகிரி வரை ஓடும் என்று பார்த்து வாங்குங்கள்.

குட்டி மெஷின் ஏன் பத்தாது?

10-க்கு 12 அடி ரூம், 10 அடி உயரம். 30 டிகிரியில் 85 சதவிகித ஈரம். இந்தக் காற்றை 55 சதவிகிதத்துக்குக் கொண்டுவர எடுக்க வேண்டிய தண்ணீர், சுமார் 300 மில்லிதான். 'அட, பெல்டியர் மெஷினே போதுமே!'ன்னு தோணும். ஆனால் கதவைத் திறந்தால் மறுபடி ஈரக்காற்று வரும். மெத்தை, துணி, சுவர் எல்லாம் உறிஞ்சி வைத்த ஈரத்தை வெளியே விடும். உள்ளே ஒரு லோடு துணி காய்ந்தால் இன்னும் 2 லிட்டர். ஒரு நாளைக்கு 300 மில்லி எடுக்கும் மெஷின், எப்படி ஈடு கொடுக்கும்?

கரன்ட் கணக்கும் இதே கதை. 60 வாட்டில் நாள் முழுக்க ஓடி 300 மில்லி எடுக்கும் பெல்டியர், ஒரு யூனிட்டுக்கு சுமார் 200 மில்லி எடுக்கிறது. 240 வாட்டில் நாளைக்கு 12 லிட்டர் எடுக்கும் கம்ப்ரசர், ஒரு யூனிட்டுக்கு சுமார் 2 லிட்டர். 10 மடங்கு வித்தியாசம்! 'வாட்ஸ் கம்மி' என்பதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள்.

அதற்காக பெல்டியர் சுத்த வேஸ்ட் இல்லை. மூடிய சின்ன ஸ்டோர், ஷூ ரேக், புத்தக அலமாரி மாதிரி இடங்களுக்கு ஓகே. ரூமுக்கு வேண்டாம்.

எத்தனை லிட்டர் மெஷின்?

பெட்டியில் '12 லிட்டர்' என்று இருந்தால், டேங்கில் 12 லிட்டர் பிடிக்கும் என்று அர்த்தமில்லை. ஒரு நாளில் அதிகபட்சம் அவ்வளவு எடுக்கும் என்று அர்த்தம். அந்த அளவையும் பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவிகித ஈரத்தில் டெஸ்ட் செய்துதான் போடுகிறார்கள். ரூம் குளிர்ந்து, ஈரம் குறையக் குறைய, மெஷின் எடுக்கும் அளவும் பாதியாகக் குறையலாம். சின்ன எழுத்தில் அந்த டெஸ்ட் விவரம் இருக்கிறதா என்று தேடுங்கள். வெவ்வேறு நிலையில் டெஸ்ட் செய்த 2 மாடல்களை ஒப்பிட்டால் கணக்கு தப்பாகும்.

ஒரு படுக்கையறை, உள்ளே துணியும் காயும் என்றால், 10 முதல் 12 லிட்டர் கம்ப்ரசர் மாடல் போதுமானது. ஹாலையும் படுக்கையறையையும் கதவு திறந்தே வைத்து ஒரே மெஷினில் சமாளிக்க வேண்டும் என்றால், 16 முதல் 20 லிட்டர் பக்கம் போகலாம். 'எத்தனை சதுர அடி' என்று கம்பெனி போடும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

கரன்ட் பில் எகிறுமா?

240 வாட் மெஷின் தினமும் 8 மணி நேரம் நிற்காமல் ஓடினால் சுமார் 2 யூனிட். தமிழ்நாட்டில் 2 மாதத்துக்கு ஒருமுறைதானே பில், அதில் 115 யூனிட் கூடும். இலவச யூனிட் என்பதெல்லாம் ஃபேன், ஃபிரிட்ஜிலேயே முடிந்திருக்கும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும் என்பதால், உங்கள் பழைய பில்லோடு இதைக் கூட்டிப் பாருங்கள். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஹவுஸ் ஓனர் வாங்குகிறார் என்றால், அந்த ரேட்டில் கணக்குப் போடுங்கள். ஆறுதல் என்னவென்றால், இலக்கு வந்ததும் தானாக நிற்கும் மாடலாக இருந்தால் நிஜத்தில் இதைவிடக் குறைவாகத்தான் ஆகும். மழை மாதங்களுக்கு மட்டும்தான் இந்தச் செலவும்.

வாங்கும்போது செக் பண்ண வேண்டியவை

* ஹியூமிடிஸ்டாட்: 55 சதவிகிதம் என்று செட் செய்தால், அது வந்ததும் நின்று, ஏறினால் மறுபடி ஓட வேண்டும். இது இல்லாத மாடல் வேண்டவே வேண்டாம்.
* டேங்க் நிரம்பினால் தானாக நிற்கும் வசதி. இல்லாவிட்டால் எடுத்த தண்ணீர் தரைக்கே வந்துவிடும்.
* ஹோஸ் மாட்டும் துளை. பாத்ரூம் பக்கம் வைத்து நேராக வடிய விடலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு ரொம்ப உபயோகம்.
* சத்தம். தூங்கும் ரூமுக்கு 40 டெசிபல் பக்கம் இருந்தால் நல்லது. முடிந்தால் கடையில் ஓடவிட்டுக் கேளுங்கள்.
* எடையும் சக்கரமும். கம்ப்ரசர் வகை கனமாக இருக்கும், ரூம் ரூமாகத் தூக்க முடியாது.
* சர்வீஸ். உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் உண்டா, கம்ப்ரசருக்கு எத்தனை வருட வாரன்டி?

வாங்கியாச்சு, எப்படி ஓட்டுறது?

கம்ப்ரசர் மெஷினைப் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்தி வைத்து ஒரு நாள் விட்டுவிட்டு ஆன் செய்யுங்கள். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். கதவு, ஜன்னலை மூடிவிட்டு ஓட்டுங்கள், திறந்து வைத்தால் ஊருக்கே ஈரம் எடுத்த மாதிரிதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், சுவர் பிளக்கில் போடுங்கள். முதல் சில நாள் நிறைய ஓடும், ஏனென்றால் மெத்தையும் துணியும் சேர்த்து வைத்த ஈரமும் வெளியே வரும். பயப்பட வேண்டாம். ஃபில்டரை 2 வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். டேங்கில் தண்ணீரை நாள்கணக்கில் தேக்கி வைக்காதீர்கள், வழுவழுப்புப் பிடித்துவிடும்.

அந்தத் தண்ணீரைத் தரை துடைக்க, பாத்ரூம் கழுவப் பயன்படுத்தலாம். குடிக்கக் கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் ஊற்றாதீர்கள், காயிலில் இருந்த தூசியும் உலோகத் துகளும் அதில் கலந்திருக்கும்.

இருக்கிற பூஞ்சையை மெஷின் அழிக்காது, புதிதாக வளர்வதைத்தான் தடுக்கும். சின்ன இடமென்றால் என் 95 மாஸ்க், கிளவுஸ் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து நன்றாக உலர விடுங்கள். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் பூஞ்சைத் துகள் ரூம் முழுக்கப் பறக்கும். பிளீச்சிங் பயன்படுத்தினால் டாய்லெட் கிளீனர் ஆசிட்டோடு சேர்க்கவே கூடாது, விஷ வாயு வரும். ஆஸ்துமா உள்ளவர் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

பட்ஜெட் இல்லையா?

பீரோவுக்குள் தொங்கவிடும் ஈர உறிஞ்சிப் பாக்கெட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலும் உள்ளே கால்சியம் குளோரைடுதான். மூடிய பீரோவுக்கு நல்லது, திறந்த ரூமுக்குப் பிரயோஜனமில்லை. அடியில் சேரும் நீர் தோலையும் துணியையும் கெடுக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, நிரம்பியதும் தூக்கிப் போட்டுவிடுங்கள். கேமரா, ஹார்டு டிஸ்க், சர்டிஃபிகேட் ஃபைல் இவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் போதும்.

ஆக, வரிசை இதுதான். சில நூறு ரூபாய்க்கு மீட்டர். பிறகு சுவர் டெஸ்ட். லீக் இருந்தால் ஓனருக்கு மெசேஜ். லீக் இல்லை, ஏ.சி இருக்கிறது என்றால் டிரை மோட். இவ்வளவும் செய்து, மீட்டர் அப்பவும் 65, 70-ன்னு அடம்பிடித்தால், தைரியமாக ஹியூமிடிஸ்டாட் உள்ள கம்ப்ரசர் மாடல் ஒன்றுக்கு ஆர்டர் போடுங்கள். வந்த பிறகும் மீட்டரை மூலையில் போட்டுவிடாதீர்கள். 55-ல் நிற்குதான்னு அதுதான் சொல்லும்!